அவன் ஏன் சிங்கப்பூரிலேயே இருந்துவிடவில்லை?

காசிமேட்டுக் கணக்கு கேட்டது:

'பத்ரிநாத் கி துல்ஹனியா' பார்த்தவர்கள் பதில் சொன்னால் போதும். 2017இல் வந்த இந்திப் படம். சஷாங்க் கைத்தான் இயக்கியது. வருண் தவனும் ஆலியா பட்டும் நடித்தது. கதையை முடிவு வரைக்கும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுத் தொழில் தண்டல். நைனா முப்பது வருடமாகக் காசிமேட்டில் பணம் கொடுத்து வாங்குகிறார். 10,000 ரூபாய் கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்போம். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை, அட்டையில் 100 கட்டம். பணம் வாங்கியதும் கட்டத்துக்குள் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பது என் வேலை. விடியற்காலை நாலரைக்கு மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கூடைக்கார அம்மாக்களிடம் தொடங்குவேன். இட்லிக்கடை, டீக்கடை, வலை பின்னுகிறவர்கள் என்று ஒரு சுற்று. மாலையில் எம்.சி. ரோட்டு நடைபாதைத் துணிக்கடைகளில் முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் பாதி அட்டைகள் வெள்ளையாகவே கிடக்கும். அந்த இரண்டு மாதம் மட்டும் நைனா யாரையும் திட்டமாட்டார். "கடலுக்கே லீவு விட்டிருக்கிறான், நீ போய் என்ன கேட்பாய்?" என்பார்.

இப்போது படம். பத்ரி ஜான்சிக்காரன். அப்பா வட்டிக்குப் பணம் கொடுக்கிறவர். பிள்ளையின் வேலை வசூல். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. (நான் பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்றவன். பெரிய வித்தியாசம் இல்லை.) படம் தொடங்கும்போதே வரவு செலவுக் கணக்கு மாதிரி ஒன்று சொல்கிறார்கள்: பிள்ளையைப் பெற்ற வீட்டுக்கு அவன் சொத்து, பெண்ணைப் பெற்ற வீட்டுக்கு அவள் கடன். அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவள், தை மாதம் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு. தட்டு மாற்றியாகிவிட்டது. அவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் படம் பார்த்தோம். கதவு விரியத் திறந்திருந்தது. வாசல்படியில் அவளுடைய அம்மா உட்கார்ந்து ஒரு பாத்திரம் இறாலை உரித்துக்கொண்டிருந்தார். பாட்டு வரும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்ப்பார்.

அவள் நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவில். இரவு வேலை முடித்து வந்து காலை ஆறரைக்கு ஜெர்மன் வகுப்பு படிக்கிறாள். பி1 நிலை முடித்துவிட்டாள், பி2 போய்க்கொண்டிருக்கிறது. அது முடிந்தால்தான் ஜெர்மனியில் முழு நர்ஸாக ஏற்றுக்கொள்வார்களாம். அவர்கள் வீட்டில் எதைப் பார்த்தாலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்த மொழியில் நாற்காலி ஆண், கதவு பெண், ஜன்னல் இரண்டும் இல்லை. ஆணுக்கு நீல மை, பெண்ணுக்குச் சிவப்பு, இரண்டும் இல்லாததற்குப் பச்சை. "பெண் பிள்ளைக்கு என்ன நிறம்?" என்று ஒருநாள் கேட்டேன். "பச்சை. மேட்ஷன் என்பது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை" என்றாள். அவளுடைய அம்மாவுக்கு அதைக் கேட்டு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, கதை. வைதேகி கோட்டாக்காரி, படித்தவள். அக்காவுக்கும் வரன் பார்த்துக் கொடுத்தால் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிச் சம்மதிக்கிறாள். கல்யாண நாளன்று ஓடிவிடுகிறாள். விமானப் பணிப்பெண் ஆக வேண்டும் என்று சிங்கப்பூருக்கே போய்விடுகிறாள். இவன் தேடிக்கொண்டு போகிறான். அங்கே அவளைக் காரின் டிக்கியில் அடைத்து ஓட்டுகிறானே, அதைப் பார்த்தபோது உரித்த இறாலும் கையுமாக அத்தை எழுந்து வந்துவிட்டார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். போலீஸ் பிடிக்கிறது, அவளே அவனை மீட்கிறாள், அவள் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் புத்தி வருகிறது. ஊருக்குத் திரும்பி, அண்ணியின் விசேஷத்தில் குடித்துவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் அப்பாவை எதிர்த்துப் பேசுகிறான். எனக்குத் தொண்டை அடைத்தது. என் நைனாவிடம் ஆறு மாதமாக ஒரு பைக் மாற்றச் சொல்லிக் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் கல்யாணம். அவள் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஜான்சிக்கு வந்து, விமானப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி நிலையம் வைக்கிறாள். சுபம்.

எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் இவள் மடிக்கணினியை மூடினாள்.

"எல்லாம் சரி. அவன் ஏன் அங்கேயே இருந்துவிடவில்லை?"

"தொழில் இருக்கிறதே" என்றேன்.

"அண்ணன் இருக்கிறானே?"

"அப்பா..."

"அண்ணி வேறு தொழிலுக்கு வந்துவிட்டாள். அவள் இந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும்விடப் படித்தவள். பத்ரி இல்லாவிட்டால் ஜான்சியில் எது நின்றுபோகும்?"

என்னிடம் பதில் இல்லை. "படம்தானே" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இறால் தோலை அள்ளிக் கொட்டப் போய்விட்டாள்.

நான் அவளை ஜெர்மனிக்குப் போக வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். எங்கள் திட்டம் தெளிவாக இருக்கிறது: மூன்று வருடம் போய்ச் சம்பாதிப்பாள், திரும்பி வருவாள், தேரடியிலேயே ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று வைப்போம். அன்றைக்கு மெட்ரோவில் காலடிப்பேட்டை தாண்டும்போதுதான் உறைத்தது. இது அப்படியே படத்தின் முடிவு. இந்தத் திட்டத்தை முதலில் யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான்.

என் கேள்வி இதுதான். அவன் சிங்கப்பூரிலேயே இருந்துவிடாததற்குக் கதைக்குள் ஏதாவது நியாயம் இருக்கிறதா? நான் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா? ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போகிறேன். வெறுங்கையோடு போக விருப்பமில்லை.


ராயபுரம் டீச்சர் எழுதியது:

முப்பத்து நான்கு ஆண்டு விடைத்தாள் திருத்தியவள் நான். ஆகவே முதலில் கேள்வித்தாளையே திருத்துகிறேன்.

தண்டல் கணக்கை ரூபாய் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பிடித்தம், எத்தனை கட்டம், எந்தத் தெருவில் எத்தனை மணி. அந்தப் பெண் இரவு வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள்? எப்போது தூங்குகிறாள்? இங்கே என்ன சம்பளம், அங்கே என்ன சம்பளம்? மூன்று வருடம் கழித்து ரத்தப் பரிசோதனை நிலையம் வைப்பதற்கு அவளுக்கு ஆசை இருக்கிறதா? தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற நர்ஸ் அது. ஊசி குத்திக் குழாயில் ரத்தம் எடுத்து வைப்பதற்கா பி2 படிக்கிறாள்? அவள் கேட்டது பத்ரியைப் பற்றி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டே எங்களிடம் வந்து சினிமாக் கேள்வி கேட்கிறீர்கள்.

இன்னொன்று. 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். தண்டல் என்ற சொல்லே அதில் இருக்கிறது. விட்டுவிட்டுப் போக முடியாத அளவுக்குப் புனிதமான தொழில் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிக்கியில் அடைத்த காட்சிக்கு நீங்கள் தலை குனிந்ததாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அதற்கு அவன் என்ன விலை கொடுத்தான்? ஒரு இரவு போலீஸ் காவல். அப்புறம் அவளே வந்து மீட்கிறாள். என் வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் சடையைப் பிடித்து இழுத்த பையனுக்குக்கூட அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்திருக்கிறேன்.


மிண்ட் தெரு எழுதியது:

டீச்சர் அம்மா, கொஞ்சம் மெதுவாக அடியுங்கள். பையன் உண்மையைத்தானே எழுதியிருக்கிறான்.

நான் சௌகார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் மார்வாரி, கடையில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ். இந்தப் படம் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு கட்சி. அவள் கல்யாணத்தன்று ஓடியது தவறு, முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று என் பெரியப்பா கட்சி. முன்பே சொன்னால் யார் காதில் விழுந்திருக்கும் என்று என் மனைவி கட்சி. நான் கல்லாவில் உட்கார்ந்து இரண்டுக்கும் தலையாட்டினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதைக்குள் நியாயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அவன் வேறு ஊரில் பிழைக்கத் தெரியாதவன் என்று படம் முழுவதும் காட்டுகிறார்கள். சிங்கப்பூரில் அவனுக்குப் பாஷை இல்லை, படிப்பு இல்லை, அப்பா பெயர் செல்லாது. ஜான்சியில் அவன் பன்சால் வீட்டுப் பிள்ளை. அங்கே அவன் யாருமில்லை. அதனால் திரும்பினான். எழுதியவர்களுக்கும் அது வசதி; சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிற படத்தில் கதாநாயகனைப் பாத்திரம் கழுவ விட முடியாது.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. என் தாத்தா பதினான்கு வயதில் ராஜஸ்தானிலிருந்து இரண்டு மூன்று நாள் ரயிலில் வந்து இந்த மிண்ட் தெருவில் இறங்கியவர். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. சொந்தக்காரர் கடையில் கணக்கெழுதிக்கொண்டே, சாமான் வாங்க வருகிறவர்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கற்றுக்கொண்டார். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான். தொழிலுக்காக ஊர் பாஷை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஆண்கள். பாஷை தெரியாது என்பது அவர்களில் யாருக்கும் காரணமாக இருக்கவில்லை. பெண்டாட்டியின் வேலைக்காக அப்படிக் கிளம்பிய ஓர் ஆணை மட்டும் எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. உங்கள் பக்கமும் அப்படித்தானே? பர்மாவிலிருந்து வந்தவர்கள், ஆந்திராவிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர்கள்... வடசென்னையில் பாதிப் பேர் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள்.

பாஷை தெரியாது என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு மட்டும் பிறக்கும்போதே ஜெர்மன் தெரியுமா என்ன?


காசிமேட்டுக் கணக்கு எழுதியது:

டீச்சர், கோபம் வந்தது. இப்போது இல்லை. இரவு ஏழு மணிக்குக் கிளம்புகிறாள், எட்டுக்கு வேலை ஆரம்பம். வகுப்பு முடிந்து காலை எட்டரை மணி அளவில் தூங்குவாள். சம்பளம் தெரியும், இங்கே எழுத வேண்டாம் என்று விட்டேன். பரிசோதனை நிலையம் வைப்பதில் அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்டதில்லை. அதற்கு எனக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

சட்டம் இருப்பது தெரியும். நைனாவுக்கும் தெரியும்.


பெரம்பூர் பெட்டி எழுதியது:

நான் ஐ.சி.எஃப். ஆள், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. ஃபர்னிஷிங் பிரிவில் 36 வருடம். ஓய்வு பெற்ற பிறகு எந்த மொழிப் படமானாலும் அதில் ரயில் வந்தால் பார்ப்பேன். அப்படித்தான் 'கீ அண்ட் கா' பார்த்தேன், 2016இல் நம் பால்கி எடுத்தது. அதில் கரீனா கபூர் வேலையில் மேலே மேலே போக வேண்டும் என்று நினைக்கிறவள். அர்ஜுன் கபூர் வீட்டைப் பார்த்துக்கொள்கிற புருஷன். அவனுக்கு ரயில் என்றால் உயிர். வீடு முழுக்கப் பொம்மை ரயில் தண்டவாளம் போட்டு வைத்திருப்பான். அமிதாப்பும் ஜெயாவும் அவர்களாகவே வருவார்கள். அமிதாப் வீட்டைப் பார்த்துக்கொண்டு ஜெயா நடிக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிற மாதிரி ஒரு பேச்சு வரும். சமையலும் துடைப்பமும் எல்லாம் விளம்பரப் படம் போலப் பளபளப்பாக இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. தண்டவாளம் பிடித்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தம்பிக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் இருக்கிறவளுக்கு மட்டும் தெரியும்.

1986இல் பஞ்சாபில் கபூர்தலாவில் புதிய ரயில் பெட்டித் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. எங்களில் பலரை அங்கே கேட்டார்கள். போனால் ஒரு படி மேலே போகலாம், குடியிருப்பும் உண்டு. என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாலு பேர் போனார்கள். நான் போகவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா அன்றைக்குச் சாயங்காலம்கூட ஜமாலியா வரை நடந்து போய்க் கீரை வாங்கி வந்தார்.

உண்மையான காரணம், என் மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். அப்போதுதான் மேற்பார்வையாளர் தேர்வு எழுதியிருந்தாள். கபூர்தலாவுக்குப் போனால் அந்த வேலையை விட வேண்டியிருக்கும். விடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளும் விடுகிறேன் என்று சொல்லவில்லை, அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் பெண்டாட்டி வேலைக்காகப் போகவில்லை என்று தொழிற்சாலையில் சொல்ல வெட்கமாக இருந்தது. அம்மாவின் நோய் என்றால் எல்லாரும் தோளில் தட்டினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் யாராவது, "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார்கள். நானும் ஏதாவது ஒரு நோயைச் சொல்வேன். அம்மா 91 வயது வரை இருந்தார்.

நான் தியாகம் செய்ததாக நினைக்கவில்லை. பொய் சொன்னதுதான் உறுத்துகிறது. அந்தப் பொய்யால் என் மனைவியின் வேலை என்னவோ ஒளித்து வைக்க வேண்டிய பொருள் மாதிரி ஆகிவிட்டது. அவள் தேர்வில் தேறியபோது மட்டன் பிரியாணி செய்து, ஒருவரையும் கூப்பிடாமல் நாங்களே சாப்பிட்டோம்.


வியாசர்பாடி அக்கா எழுதியது:

தம்பி, நான் நர்ஸ். வியாசர்பாடி. இப்போது ஜெர்மனியில் ஆறாவது வருடம். என் கணவரும் இங்கேதான் இருக்கிறார். அதனால் உன் பத்ரி சிங்கப்பூரிலேயே தங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்ல முடியும். அந்தப் படத்தை யாரும் எடுக்கவில்லை, எடுத்தாலும் நகைச்சுவைப் படமாக இருக்காது.

நான் முதலில் தனியாக வந்தேன். அவர் வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஊரில் அவர் ஃபிட்டர், பதினைந்து வருட அனுபவம். இங்கே அவருடைய சான்றிதழைப் பார்த்துவிட்டு முதலில் மொழி கற்றுக்கொள் என்றார்கள். காலையில் வகுப்பு, மாலையில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். நான் வேலை முடித்து வரும்போது விளக்கைப் போடாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். சாதம் வடித்து, குழம்பு வைத்து, மூடி வைத்திருப்பார். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டால்கூடத் தேவலை என்று இருக்கும்.

இரண்டாவது குளிர்காலத்தில், கீழ்வீட்டுத் தாத்தாவின் சைக்கிள் சங்கிலி அறுந்துவிட்டது. இவர் இறங்கிப் போய்ச் சரி செய்து கொடுத்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது அரை மணி நேரம் அந்தச் சங்கிலியைப் பற்றியே பேசினார். அதற்கப்புறம் அந்தத் தெருவில் யார் சைக்கிள் கெட்டாலும் எங்கள் வீட்டு மணிதான் அடிக்கும். இப்போது ஒரு பட்டறையில் முறையான வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறாரா என்று என்னைக் கேட்காதே. பொங்கல் வந்தால் இரண்டு நாள் முகம் வாடித்தான் இருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். "நானும் வருகிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை வசனம் பேசிவிடாதே. அது டிக்கியில் அடைப்பதைவிடக் கொஞ்சம்தான் நல்லது. அவள் தலையில் இன்னொரு பாரம். நீ அங்கே என்ன செய்வாய் என்று யோசித்து வைத்துக்கொண்டு பேசு. வசூல் தவிர உனக்கு என்ன தெரியும்? கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். நாலரை மணிக்கு எழுந்து, 200 பேர் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, மழையிலும் சுற்றுகிறவன் நீ. இங்கே அதற்கு வேலை இருக்கிறது. தபால் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

போகாமல் இருப்பதும் தவறில்லை. போகவில்லை என்றால் "எனக்குப் போக விருப்பமில்லை" என்று உன் வாயால் சொல். தொழில், நைனா என்று அவர்கள் பின்னால் ஒளியாதே. பெரம்பூர் ஐயா அம்மாவின் பின்னால் ஒளிந்த மாதிரி. (ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிரியாணி கதையைப் படித்து வேலையிடத்தில் அழுதுவிட்டேன்.)


மிண்ட் தெரு எழுதியது:

அக்கா எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "சைக்கிள் சங்கிலி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


காசிமேட்டுக் கணக்கு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் சனிக்கிழமை இரவு நைனாவிடம் பேசினேன். கணக்கு நோட்டை மூடி ரப்பர் மாட்டுகிற நேரத்தில்தான் அவரிடம் எதையும் கேட்க முடியும். "நானும் ஜெர்மனி போனால் வசூலை யார் பார்ப்பார்கள்?" என்றேன். தயார் செய்து வைத்திருந்த நாலு பதிலுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ பிறப்பதற்கு முன்னால் யார் பார்த்தார்கள்?" என்றார். அப்புறம், "தடைக்காலத்தில் போ. அப்போது எனக்கு வேலை குறைவு" என்றார். சம்மதமா, கிண்டலா என்று இன்னும் தெரியவில்லை. ஆயா மட்டும் உள்ளேயிருந்து, "அங்கே மீன் கிடைக்குமா?" என்று கேட்டது.

மறுநாள் தேரடிக்குப் போனேன். டீச்சர் சொன்ன கேள்வியைத்தான் முதலில் கேட்டேன், பரிசோதனை நிலையத்தில் ஆசை இருக்கிறதா என்று. "இல்லை" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்புறம் ஏன் ஒத்துக்கொண்டாய்?" என்றேன். "நீ அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் என்றுகூடச் சொன்னாய்" என்றாள். சொல்லியிருக்கிறேன். வெளிர்நீலம்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அக்கா சொன்ன மாதிரி, எனக்குப் பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். விளக்குப் போடாமல் ஜன்னல் ஓரம் உட்காருகிற ஆளாக நான் ஆகிவிடுவேனோ என்று. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள், அவளுடைய ஏ1 நோட்டு, ஓரமெல்லாம் சுருண்டு போனது. "முதலில் நூறு வரை எண்ணிப் பார். உன் தொழிலுக்கு அதுதானே வேண்டும். பயத்தை அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

சுலபம் என்று நினைத்தேன். பன்னிரண்டு வரை சுலபம்தான். இருபதைத் தாண்டினால் அந்த ஆட்கள் எண்ணைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். இருபத்தொன்று என்று இல்லை, ஒன்றும் இருபதும். இருபத்திரண்டு இல்லை, இரண்டும் இருபதும். என் கை இடமிருந்து எழுதப் பழகிய கை. காது பின்னாலிருந்து கேட்கிறது.

பழைய தண்டல் அட்டை ஒன்றை எடுத்து, கட்டத்துக்கு ஓர் எண்ணாக ஜெர்மனில் எழுதி வைத்துக்கொண்டு, காலை வசூலில் முணுமுணுத்துக்கொண்டே போகிறேன். சங்கரா மீன் விற்கிற அம்மா, நான் மந்திரம் சொல்வதாக நினைத்து இரண்டு நாளாகப் பணத்தைச் சீக்கிரமே கொடுத்துவிடுகிறார். இன்றைக்கு மூன்றும் நாற்பதும் வரை வந்திருக்கிறேன்.